ஏழு சக்கரமும் ஒரு மணியும்

பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், முன்பக்கம் எஸ்.டி.டி. பூத், பின்பக்கம் தட்டச்சுப் பள்ளி என்று ஒரே அறையை இரண்டாக்கி வைத்திருந்தவர் செல்லபாய். வயது நாற்பத்திரண்டு. தட்டச்சில் ஹையர் பாஸ். பூத் சாப்பாட்டுக்கு, பதினொரு தட்டச்சு மெஷின்கள் மரியாதைக்கு. 1998-இல் ஒரு கம்ப்யூட்டரும் வாங்கி இணையத்தோடு கூட்டுச் சேர்ந்தார். இருவரும் ஒருவரையொருவர் கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை.

அவர் தொடங்கியது ஆன்லைன் கடை. மஸ்கட்டில் இருக்கும் மகன் கம்ப்யூட்டரில் படம் பார்த்து ஆர்டர் கொடுத்தால், குன்னத்துகாலில் இருக்கும் அவன் அம்மாவின் கையில் பொருள் போய்ச் சேரும். பொருள் தைவானில் இருந்து மொத்த விலைக்கு வரும்.

பக்கத்துத் தையல்கடை விலாசினி இதை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். "அக்கா, வெளிநாட்டுல வாங்கி, வெளிநாட்டுக்காரனுக்கு வித்து, குன்னத்துகால்ல கொண்டு குடுப்பியளா? அதுக்கு பாறசாலை சந்தையில வாங்குனா பஸ்சுக் காசு மிச்சம் உண்டுல்லா?"

"நீ பழைய ஆளாக்கும்," என்றார் செல்லபாய்.

முதல் மாதம் கடைக்கு இரண்டு மின்னஞ்சல் வந்தது. ஒன்று, செல்லபாய் தனக்குத் தானே அனுப்பிப் பார்த்தது. மற்றொன்று மஸ்கட்டில் இருந்து. 'அங்கே மழை உண்டா?' என்று கேட்டிருந்தது.

விற்கப் பொருள் வேண்டுமே. பதினெட்டுக் கம்பெனிகளுக்கு இலவச மாதிரி கேட்டு எழுதினார். பதினேழு பேர் புத்திசாலிகள். பதினெட்டாவது, தைவான்காரர், ஒரு சின்னப் பெட்டியை அனுப்பி வைத்தார். உள்ளே உள்ளங்கை அளவுக்கு ஒரு நீல பிளாஸ்டிக் சாமான். ஒரு கைப்பிடி, வரிசையாக ஏழு சக்கரம், அடியில் ஒரு ரப்பர் கிண்ணி. உருட்டினால் எங்கோ ஓரிடத்தில் 'டிங்' என்று ஒரு மணி. பெட்டியின் மேல் ஒரு பெண் அதைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். எதற்குச் சிரிக்கிறாள் என்பது சீன எழுத்தில் இருந்தது. கூட வந்த ஆங்கிலச் சீட்டில் இரண்டே வரி: பொருள் எண் 118. ஆர்டர் செய்தால் குறைந்தது அறுநூறு.

செல்லபாய் அதைச் சப்பாத்தி மாவில் உருட்டினார். தலைமுடியில் உருட்டினார். அவித்த மரச்சீனிக் கிழங்கில், முதுகில், சேலை மடிப்பில் உருட்டினார். எல்லாவற்றிலும் உருண்டது. எல்லாவற்றிலும் டிங்.

அந்த ஞாயிறு அவர் போகும் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகை. கோழி, பலாச்சக்கை, மரச்சீனி என்று அவரவர் விளைச்சலின் முதற்பலனைக் கொண்டுவந்து ஆல்டர் முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவற்றை லேலம், அதாவது ஏலம், விடுவார்கள். பணம் சபைக்கு. செல்லபாய்க்குத் தோட்டமும் இல்லை, கோழியும் இல்லை. 118-ஐ வைத்துவிட்டு வந்தார்.

லேலம் சொன்ன சபைச் செயலாளர் அதைத் தூக்கினார், திருப்பினார், உருட்டினார். டிங். "இது... இது ஒண்ணு!" என்று அறிவித்தார். "யாரு கேக்கிய?"

"அம்பது," என்றார் எலியா. ரப்பர் வியாபாரி. "அறுபது," என்றார் தங்கையன். களியக்காவிளையில் பழைய மெஷின்களை வாங்கி விற்கிறவர். இருவரும் போன சபைத் தேர்தலில் எதிரெதிராக நின்று இருவருமே தோற்றவர்கள். வெயில் ஏற ஏறத் தொகையும் ஏறியது. அறுநூற்று நாற்பது ரூபாய்க்குத் தங்கையன் எடுத்துக்கொண்டார்.

போன வருஷம் ஒரே ஒரு கோழிமுட்டை முந்நூறுக்குப் போனது செல்லபாய்க்குத் தெரியும். ஆனால் அவருடைய தருக்கம் வேறு. முட்டை தெரிந்த பொருள், அதற்குக் கொடுத்தது பக்தி. பெயர்கூடத் தெரியாத ஒரு பொருளுக்கு ஒருவன் அறுநூற்று நாற்பது கொடுக்கிறான் என்றால் ஆசை இல்லாமல் கொடுப்பானா? இந்தத் தருக்கத்தில் ஓட்டை எங்கே என்று எனக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை.

மறுநாள் பதினொன்றில் ஒன்பது மெஷினை அதே தங்கையனிடம் விற்று, அறுநூறு எண்ணத்துக்குத் தைவானுக்குப் பணம் கட்டினார். தங்கையன் ஒரு சலுகை தந்தார். "மே முப்பத்தொண்ணு வரை வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன். அதுக்குள்ள நீ திருப்பி எடுத்துக்க. அதுக்கு மேல நெய்யாற்றின்கரைக்காரன் ஒருத்தன் கேட்டு நிக்கியான்." ஜூனில் புது பேட்ச் வரும். மெஷின் இல்லாவிட்டால் பள்ளி இல்லை.

பிப்ரவரியில் சரக்கு வந்தது. சரக்கு ஆபீஸில் வரி போடுகிறவர் மலையாளத்தில் கேட்டார்: "இது எந்தா சாதனம்?"

"வீட்டு உபயோகம் சார்."

"வீட்டில் எந்து உபயோகம்?"

"பலவிதம் சார்."

அவர் உருட்டினார். பக்கத்து மேசைக்காரர் உருட்டினார். மாடியில் இருந்து ஒருவர் இறங்கி வந்து உருட்டினார். மூன்று டிங். ஒரு மணி நேர ஆலோசனைக்குப் பிறகு 'இதர' என்று எழுதி, வரி வாங்கிக்கொண்டு விட்டார்கள்.

மார்ச் பாதிவரை ஒன்றுகூட விற்கவில்லை. அறுநூற்று நாற்பதுக்குப் போன பொருளை அறுபதுக்குக் கொடுத்தும் ஆள் இல்லை. மஸ்கட்காரர் மட்டும், 'படத்தில் இருப்பது என்ன?' என்று கேட்டு எழுதினார். செல்லபாய் நேரே களியக்காவிளைக்குப் போனார்.

"அண்ணே, நீங்க அத எடுத்தது எதுக்கு?"

"எலியா அறுநூத்தி முப்பது சொன்னாம்லா."

"அது இல்ல. சாமானம் எதுக்குன்னு?"

"அத நீயில்லா சொல்லணும்? கொண்டு வந்தது நீயாக்கும். உனக்க மைனி அத ஷோகேஸ்ல வச்சிருக்கா. வாறவன் எல்லாம் மணியடிச்சிட்டுப் போறான்."

"எலியா அண்ணன் கேக்கலேன்னா?"

"அஞ்சு ரூவா குடுக்க மாட்டேன். அவன் கல்லக் கேட்டாலும் மேல பத்து வப்பேன். கர்த்தருக்குத்தானே போவுது!"

அவருக்குப் பின்னால் ஒன்பது மெஷின்களும் துணி போர்த்தி வரிசையாக நின்றன. செல்லபாய் அந்தப் பக்கம் பார்க்காமல் பஸ் ஏறினார்.

அதே வாரம் வெள்ளறடையில் இருந்து ஜெயபாய் என்றொரு டீச்சர் பூத்துக்குப் போன் பண்ண வந்தார். பெட்டிகளைப் பார்த்தார்.

"இது தங்கையன் எடுத்த சாமானம் தானே? எனக்கு ஒண்ணு தாருங்க."

செல்லபாய் எழுந்துவிட்டார். "எதுக்காக்கும் டீச்சர்?"

"ஞாயிறு எங்க சபையில பண்டிகை. நான் வாடகை வீடு. சக்கையும் இல்ல, கோழியும் இல்ல. சந்தையில வாங்குன மரச்சீனிய முதற்பலன்னு வச்சா ஆளு சிரிக்கும். இது எங்க இருந்து வந்ததுன்னு ஆருக்குத் தெரியும்?"

பெட்டி மூலை நசுங்கிய ஒன்றைப் பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்தார் செல்லபாய்.

பிறகு வந்தார்கள். பாங்க் குமாஸ்தா, நர்ஸ், கண்டக்டரின் மனைவி என்று தோட்டமில்லாத விசுவாசிகள் தமிழ்நாடு, கேரள எல்லையின் இரண்டு பக்கமும் இத்தனை பேர் இருப்பது சபைகளுக்கே தெரியாது. ஒவ்வொரு சபைக்கும் ஒவ்வொரு ஞாயிறு பண்டிகை. ஏப்ரல் பாதிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு போனது.

அப்புறம் நின்றது. அப்படியே, குழாயை அடைத்ததுபோல.

பண்டிகைகள் நிற்கவில்லை, வியாபாரம் மட்டும் ஏன் நிற்கிறது? குழம்பிப்போய் ஒரு ஞாயிறு ஒரு சபைக்குப் போய்ப் பார்த்தார். மேசையில் கோழிகளுக்கு நடுவே பதினான்கு 118. அதில் ஒன்று மூலை நசுங்கிய பெட்டி. ஜெயபாய் வெள்ளறடையில் வைத்தது. இங்கே முன்பின் தெரியாத ஒருவர் வைத்திருக்கிறார். செல்லபாய்க்கு விஷயம் விளங்கியது. லேலத்தில் எடுத்தவருக்கும் அது எதற்கென்று தெரியவில்லை. தெரியாத பொருளை என்ன செய்வது? அடுத்த சபையில் காணிக்கை. புதிதாக வாங்க என்ன தேவை? இருநூற்றுப் பன்னிரண்டு, கர்த்தரின் இரண்டாம் வருகை வரை போதும்.

மே முப்பத்தொன்று அன்று கையில் இருந்த பணத்தைத் தங்கையனிடம் கொண்டுபோய்க் கொடுத்ததில் ஐந்து மெஷின் திரும்பி வந்தது. நாலு நெய்யாற்றின்கரைக்குப் போயிற்று. பழைய இரண்டோடு சேர்த்து ஏழு. ஜூனில் பதினாறு பேர் சேர்ந்தார்கள். ஒன்பது பேர் விற்காமல் மிஞ்சிய சரக்குப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து முறை வருவதற்குக் காத்திருந்தார்கள். லாபமா நஷ்டமா என்று விலாசினி கேட்டபோது, "இதர," என்றார் செல்லபாய்.

அந்த மாதம் தைவானில் இருந்து ஒரு மின்னஞ்சல். செல்லபாய் உரக்கத் தமிழாக்கினார்:

"அன்புள்ள அம்மா, எண் 118-ஐ வாங்கிய ஒரே ஆள் நீங்கள். கிடங்கை நாங்கள் வாங்கியபோது அது ஏற்கெனவே உள்ளே இருந்தது. உங்கள் ஊரில் அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று சொன்னால், பெட்டியில் அச்சடிக்க வசதியாக இருக்கும்."

வெகுநேரம் யோசித்து, 'ஞாயிற்றுக்கிழமை உபயோகத்துக்கு' என்று பதில் எழுதினார்.

மறுநாளே பதில் வந்தது: 'நன்றி. மற்ற ஆறு நாளுக்கு எண் 119 இருக்கிறது. மாதிரி அனுப்பலாமா?'

"வேண்டாம் அக்கா," என்றார் விலாசினி.

"மாதிரி சும்மாதானே தாறான்."

விலாசினி எட்டிப் பின்னறையைப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று விரலை நீட்டி எண்ணினார்.

"ஏழு மெஷின் இன்னும் மிச்சம் உண்டு, கேட்டியளா?"