உப்புக் கிணற்றுத் தண்ணீர்

என் அக்கா, ராத்தாவின் மிளகாய் நாற்றுகளைக் கருக்கியவன் நான். பழி அவள்மேல் விழுந்தபோது வாய் திறக்காமல் நின்றேன்.

போன கிழமை பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விடும்போது ஒரு சாடியின் விளிம்பில் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. அதே வெள்ளையைப் பத்து வயதில் மாம்புரியில் எங்கள் மணல் பாத்தியில் கண்டிருக்கிறேன். சித்திரை வெயிலில், கடலோடு சேரும் உப்பு ஏரியான களப்பின் ஓரத்துக் கிணறு உவர்த்துவிடும். தென்னைகளுக்கு அப்பால் இருந்த நல்ல கிணற்றில்தான் அள்ள வேண்டும். விளையாடப் போகும் அவசரத்தில் மூன்று நாள் கிட்டவிருந்த உவர்க் கிணற்றிலேயே அள்ளி ஊற்றினேன். நாற்றெல்லாம் நுனி கருகிச் சாய்ந்தன.

மாதவிலக்கு நாளில் பெண் பாத்தியில் இறங்கினால் பயிர் கருகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. வாப்பா ராத்தாவைக் கூப்பிட்டார்.

"தொழுகை இல்லாத நாள்ல பாத்திக்குள்ள இறங்கினியா?"

களை பிடுங்க இறங்கியிருந்தாள். "ஓம் வாப்பா" என்று அழுதாள். விதை போட்டு முளைக்க வைத்தவளே அவள்தான். அதன்பிறகு வாப்பா அவளைத் தோட்டத்துக்குள் விடவேயில்லை.

சாடியில் உப்பைக் கண்ட மறுநாளே ஆறு மிளகாய்க் கன்றுகளோடு ஆலங்குடாவில் அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அறுபது வருஷம், தம்பி. என்ட கைதான் ஆகாதுண்டு ஒரு கறிவேப்பிலகூட நடல்லையே."

பூவாளியை அவள் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு மருமகளைக் கூப்பிட்டாள்.

"நீ ஊத்து, புள்ள. என்ட கை வேணாம்."