இந்தச் சேற்றில் இப்போது உப்பு இருக்கிறது

சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் திருகோணமலைக்குப் போய்வந்து நான் எழுதிய பதிவை உங்களில் பலர் வாசித்திருப்பீர்கள். வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். துறைமுகப் பக்கத்தில் ஒரு கடையில் முகத்துக்குப் பூசும் சேறு விற்கிறார்கள். கண்ணாடிப் போத்தல், கழுத்தில் சணல் கயிறு, பிளாஸ்ரிக் எதுவும் இல்லை. லேபிளில் சேறு வழியும் இரண்டு கைகளின் படம், கீழே நான்கு வரிகள்: தம்பலகாமம் குடாவின் இயற்கைச் சேறு, கையால் அள்ளியது, இரசாயனம் சேர்க்காதது, ஒரு போத்தலுக்கு ஒரு கண்டல் கன்று நடுகிறோம். ஆசையோடு வாங்கிவந்தேன். வீட்டில் பூசும்போது கொஞ்சம் உதட்டில் பட்டது. உப்புக் கரிக்கவில்லை.

நான் வவுனியாவில் ஒரு பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். கடல் ஏறி இறங்கும் குடாவின் சேறு உப்பில்லாமல் இருக்க ஏலாது. அடுத்த நாள் ஆய்வுகூடத்தில் அதை வடித்த நீரில் கலக்கி, வடிகட்டி, இரண்டு துளி வெள்ளி நைத்திரேற்று விட்டேன். உப்பு இருந்தால் பால் போல வெளுக்க வேண்டும். தண்ணீர் தெளிவாகவே நின்றது. படத்தோடு எழுதினேன். என்னுடைய வேறெந்தப் பதிவையும் இத்தனை பேர் பகிர்ந்ததில்லை.

இந்த ஜூலையில் அந்தக் கடையை நடத்தும் நிரோஷன் எனக்குக் கடிதம் எழுதினார். நீங்கள் எழுதியது சரி, அது வெளிநாட்டிலிருந்து மூட்டையில் வாங்கிய களிமண்தான், வெட்கப்பட்டோம், திருந்திவிட்டோம், இப்போது லேபிளில் உள்ள நான்கு வரிகளும் உண்மை, வந்து பாருங்கள் என்று. பயணச் செலவையும் தருவதாகச் சொல்லியிருந்தார். மறுத்துவிட்டு என் செலவிலேயே கிளம்பினேன். மனதுக்குள் பெருமையாக இருந்தது என்பதை ஒளிப்பதில் பயனில்லை. ஒரு பதிவால் ஒரு வியாபாரத்தைத் திருத்த முடிந்திருக்கிறதே!

வவுனியாவிலிருந்து காலை 5.45 பேருந்து. கட்டணம் 420 ரூபாய், ஏறத்தாழ நூறு கிலோமீற்றர், ஹொரவப்பொத்தானை வழியாக மூன்று மணித்தியாலம். இடப்பக்க ஜன்னலில் இருந்தால் முகத்தில் வெயில், வலப்பக்கம் இருங்கள். 8.50க்கு திருகோணமலையில் இறங்கினேன். கோணேசர் கோயிலையும் தெருவில் திரியும் மான்களையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் தேத்தண்ணீர் குடித்துவிட்டு நேரே கடைக்கு நடந்தேன். பத்து நிமிடம்.

கடைச் சுவரில் என் பதிவைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ‘நேர்மையில்லாத பசுமை வெறும் வர்ணம்’ என்று நான் எழுதிய வரிக்கு மஞ்சள் பூசியிருந்தது. நிரோஷனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். நான் கொண்டுபோன வெள்ளி நைத்திரேற்றுக் குப்பியிலிருந்து இரண்டு துளியை அவருடைய சேற்றைக் கலக்கி வடித்த நீரில் விட்டேன். உடனே வெளுத்தது. கடையில் வேலை செய்யும் இளம்பிள்ளைகள் இருவரும் கை தட்டினார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

“நீங்கள் எழுதினாப் பிறகு ரெண்டு கிழமை நித்திரை இல்லை மிஸ்,” என்றார் அவர். “பிறகுதான் யோசிச்சன். லேபிளில சொன்னதை உண்மையாச் செய்துபோட்டால் அது பொய் இல்லைத்தானே.”

சேறு அள்ளும் இடத்தைப் போய்ப் பார்க்கச் சொன்னார். கடை ஆட்கள் யாரும் கூட வரமாட்டார்கள், நீங்களே தனியாகப் போய் யாரோடும் கதையுங்கள், ஒளிக்க ஒன்றுமில்லை என்றார். இதைவிட ஒரு வியாபாரி என்ன சொல்ல முடியும்?

கடை வாசலில் ரிஸ்வான் என்ற ஓட்டோக்காரரைப் பிடித்தேன். கிண்ணியாக்காரர். போய், நின்று, திரும்பி வர 4,500 ரூபாய் என்று பேசிக்கொண்டோம். பேருந்தில் போனால் இதில் ஒரு சிறு பங்குதான், ஆனால் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி உள்ளே போக வாகனம் வேண்டும். சீனக்குடா, வெள்ளைமணல் கடந்து பாலம்வரை இருபது கிலோமீற்றர் அளவு, அதற்குப் பிறகு மண் வீதி.

“நீங்களும் சேறு பூச வந்தீங்களா மிஸ்?” என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். “நாங்க சின்ன வயசில சேத்தோட ஊட்டுக்குப் போனா உம்மா விளக்குமாத்தால அடிப்பா. இப்ப அதைப் போத்தல்ல போட்டு டொலருக்குக் குடுக்கிறாங்க. உம்மா மௌத்தாகிட்டா, இல்லாட்டிச் சிரிச்சே மௌத்தாகியிருப்பா.”

10.50க்குக் கரையில் இறங்கினோம். கடல் இறங்கியிருக்கும் வற்றுநேரம். உப்புநீரில் வளரும் கண்டல் மரங்களுக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் சேற்று வெளி நீண்டு கிடந்தது. சென்ற ஆண்டும் போத்தல் வாங்கிய கையோடு இங்கே வந்திருக்கிறேன். இந்தச் சேற்றில் பெண்கள் மட்டிச் சிப்பி பொறுக்குவார்கள். கையால் தோண்டுவதில்லை. வெறுங்காலோடு மெல்ல மிதித்துப் போவார்கள், குதிக்காலில் ஓடு தட்டுப்பட்டால் குனிந்து எடுப்பார்கள். சிறியது என்றால் கால் விரலாலேயே திரும்ப அழுத்திவிடுவார்கள். ஒருமுறை மிதித்த இடத்தைப் பத்து நாளைக்கு மிதிக்கமாட்டார்கள். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் சுபைதா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஊர்ப்பிள்ளைகள் அக்காவை அழைப்பது போல நானும் ராத்தா என்றே அழைத்தேன். பழைய லேபிளில் சேறு வழியும் இரண்டு கைகள் இருந்தனவே, அவை அவருடையவை. அந்தப் படத்துக்காக ஒரு நாள் கூலி கொடுத்திருந்தார்கள்.

இந்த முறை சேற்று வெளியின் கிழக்குப் பாதி குழியாக இருந்தது. ஆறு ஆண்கள் மண்வெட்டியால் வெட்டித் தார்ப்பாய்ப் படங்குகளில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் இல்லை. கையால்தான். என் நடையில் அளந்தேன், நீளம் எழுபது அடிக்குக் குறையாது. ஆழம் ஒருவருடைய நெஞ்சுவரை. வெட்டிய விளிம்பில் மட்டிகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. சேற்றைச் சல்லடையில் அரிக்கும்போது விழுந்த ஓடுகள் ஒருபக்கம் குவிந்து, உள்ளே இருந்தவை வெயிலில் அழுகி நாறின. கரைக்காணி நிரோஷனின் மாமனாருடைய உறுதிக்காணி. கடையில் அந்த உறுதிப் பத்திரத்தையும் காட்டியிருந்தார்.

மேற்குப் பாதியில் கண்டல் கன்றுகள். வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதிய மரத்துண்டு கட்டியிருந்தது. ஒரு போத்தலுக்கு ஒரு கன்று. அதுவும் உண்மை. கண்டல் தானாக வளராத வெறும் சேற்று வெளியில், மட்டி வாழும் இடத்தில் நட்டிருக்கிறார்கள் என்பதுதான் குறை. பல கன்றுகள் கருகியிருந்தன. பிழைத்தவற்றுக்கு இடையில் ‘கன்றுகளை மிதிக்க வேண்டாம்’ என்று பலகை.

நான்கு வரிகளையும் ஒவ்வொன்றாகச் சரி பார்த்தேன். பரீட்சைத் தாளாக இருந்தால் முழுப் புள்ளி போட வேண்டும்.

சுபைதா கரையில் வெறும் வாளியோடு இருந்தார். என்னைக் கண்டு எழும்பி வந்து கையைப் பிடித்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். அப்படித் தெரியவில்லை. நீங்கள் எழுதியதை மகள் போனில் வாசித்துக் காட்டினாள் என்றார். மாரியில் தண்ணீர் ஏறி நின்றபோது குழி தெரியாமல் இடுப்புவரை போனதையும், கூட வந்த பெண்கள் சீலைத் தலைப்பை எறிந்து இழுத்ததையும் சொன்னார். அதன் பிறகு மற்றவர்கள் வருவதில்லை. இவர் வருகிறார். வெட்டப்படாமலும் நடப்படாமலும் நடுவில் ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது. அதில் அரை வாளி கிடைக்கும் நாளும் உண்டு. வெட்டும் ஆறு பேரில் ஒருவர் அவருடைய மருமகன். மாதச் சம்பளம். ஆகவே ஊரில் வாய் திறக்கவும் ஏலாது.

“நீங்க சரியான கெட்டிக்காரி டீச்சர். பொய்யைப் புடிச்சிட்டீங்க,” என்றார். “அது பொய்யாக் கிடந்த காலம், என்ட சேறு எனக்குக் கிடந்தது.”

காலுக்குக் கீழே சேறு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு, இன்னொன்று எழுதச் சொன்னார். “இந்தச் சேறு பூசினாச் சொறி வருது எண்டு எழுதுங்க. ஒரு வரி போதும். நீங்க சயன்ஸ் டீச்சர், நம்புவாங்க.”

“அது பொய் ராத்தா.”

“ஓம். எனக்கு நல்லா இருந்த பொய்யை எடுத்தது நீங்கதானே. அதுக்கு ஒண்டு திருப்பித் தாங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கையை விடவில்லை.

திரும்பி வரும்போது பாலத்தில் ஏறியதும், கரையில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த ரிஸ்வான், ராத்தா கேட்ட ஒரு வரியை எழுதினால் உலகமா அழிந்துவிடும் என்று கேட்டார். அழியாது என்றேன். பிறகென்ன என்றார். அதற்கு நான் சொன்ன விளக்கம் எனக்கே திருப்தியாக இல்லை, இங்கே எழுதவில்லை.

1.40க்கு மீண்டும் கடை. வெட்டுவதை நிறுத்தச் சொன்னேன். மட்டியைப் பற்றி, குழியைப் பற்றி, கன்று நட்ட இடம் பிழை என்பதைப் பற்றி எல்லாம் சொன்னேன். நிரோஷன் குறுக்கிடாமல் கேட்டார். கன்றுகளை வேறு இடத்தில் நடலாம் என்று உடனே ஒப்புக்கொண்டார். வெட்டுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மூட்டைக் களிமண்ணையே விற்று, மூட்டைக் களிமண் என்றே லேபிளில் போட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

“போட்டனான் மிஸ். ரெண்டு மாசம். ‘வெளிநாட்டுக் களிமண்’ எண்டு பெரிசா எழுதினனான். ஒருத்தரும் தொடேல்ல,” என்றார். பிறகு, குரலை உயர்த்தாமல், “இப்ப என்ன செய்யச் சொல்லுறீங்கள்? திரும்பவும் பொய் சொல்லட்டா?” என்றார்.

அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் சொன்னால் செய்திருப்பார் என்றுகூட நினைக்கிறேன். ஆம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடையை மூடிவிடுங்கள் என்று சொல்லவும் வரவில்லை. அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் இருவரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுவரில் இருக்கும் என் பதிவையாவது கழற்றச் சொன்னேன். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. கழற்றினார்.

4.15 பேருந்தில் பழைய பதிவின் பின்னூட்டங்களைத் திரும்ப வாசித்தேன். பாதிக்கு மேல் ஒரே கேள்வி: அப்படியானால் உண்மையான சேறு எங்கே வாங்கலாம்? எல்லோருக்கும் அன்போடு பதில் எழுதியிருந்தேன், விசாரித்துச் சொல்கிறேன் என்று. உண்மையான சேறு வந்தால் அது எங்கிருந்து வரும், அந்த இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த இடத்தில் சுபைதாவோடு சேர்ந்து நின்ற நானும் கேட்கவில்லை. ஆய்வுகூடத்தில் போத்தலுக்குள் இருப்பதைத்தான் சோதிக்கலாம். சோதனை சரியாகத்தான் நடந்தது.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். வவுனியாவுக்குத் திரும்பும் பேருந்தில் 4 மணிக்கு முன்பே இடம் பிடியுங்கள். கிண்ணியாவில் வெள்ளிக்கிழமை மதியம் கடைகள் பூட்டியிருக்கும். கரைக்குப் போனால் வற்றுநேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள், தண்ணீர் ஏறியபின் சேற்றில் இறங்க வேண்டாம், குழிகள் கண்ணுக்குத் தெரியாது. மட்டி பொறுக்கும் பெண்களைக் கண்டால் அவர்களிடம் அவித்த மட்டி வாங்குங்கள். படம் எடுக்க முன் கேளுங்கள்.

சேற்றை வாங்காதீர்கள். அது நல்ல சேறு. தோலுக்கு ஒரு கெடுதியும் இல்லை, நானே பூசிப் பார்த்தேன். இப்படி எழுதினால் உங்களில் சிலர் அதற்காகவே வாங்குவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ராத்தா, இதையும் மகள் வாசித்துக் காட்டுவாள். நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். உங்களுக்காக ஒரு பொய் சொல்ல என்னால் ஏலாமல் போய்விட்டது. நடுத்துண்டில் நடக்கும்போது கவனம், கிழக்கு விளிம்பு உள்ளுக்குள் கரைந்து இருக்கிறது.