வில்ஃபின் வயது

சாயம் தோய்ந்த பிரஷ்ஷை என் உச்சந்தலையிலேயே நிறுத்திவிட்டுக் கிளெண்டா மண்டியிடுகிறாள். என் சமையலறை மேசைக்கடியில் அவள் போகிற வீட்டுக்கெல்லாம் தூக்கி வரும் முயல்கூண்டு இருக்கிறது. அதிலிருந்து வில்ஃபைத் தூக்கி மடியில் போட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் கரைத்த தீவனத்தைக் கடைவாயில் புகட்டுகிறாள். பிறகு வைக்கோலைக் கிளறிப் புழுக்கை தேடுகிறாள். அகப்பட்டுவிட்டால் அன்று முழுவதும் பாட்டுத்தான். "போட்டுட்டான் கண்ணு. நல்லா உருண்டையா, பெருசா."

இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி என்ற எங்கள் ஊரில் வீடு வீடாக வந்து முடி வெட்டிச் சாயம் பூசுவது அவள் தொழில். பாதிரியார், மீட்டர் பார்க்க வருகிறவர், போலீஸ்காரர் எல்லோரும் அவளுக்குக் கண்ணுதான். யாருக்கு மெய்யாகவே என்ன வயது என்பது இந்த ஊரில் அவளுக்கு மட்டுமே தெரியும். அடித்துக் கேட்டாலும் சொல்ல மாட்டாள். எப்படிப் பார்த்தாலும் தொண்ணூறைத் தொட்டிருக்கும் அடுத்த வீட்டு எனிட் எண்பத்து நாலு என்று சாதிக்கும்போது, பக்கத்தில் நின்று தலையாட்டுகிறவளும் இவளே. தன் தலைக்கு மட்டும் மாதம் ஒருமுறை லீட்ஸுக்குப் போய், பெரிய சலூன் ஒன்றில் காசைக் கொட்டிவிட்டு வருவாள். அவளுக்கு அறுபது எப்போது வந்து போனது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

போன வசந்தத்தில் வில்ஃப் தின்பதை நிறுத்தினான். முயலுக்குக் குடல் நின்றால் ஒரு நாள் தாங்குவதே அபூர்வம். அன்று பார்த்து ஈஸ்டர் ஞாயிறு, மிருக டாக்டருக்கு இரட்டைக் கட்டணம். டாக்டர் அவனைப் பிழைக்க வைத்தார். அக்காவோடு ஸ்கார்பரோ கடற்கரையில் கழிக்க வைத்திருந்த கோடை விடுமுறையை அந்த பில் விழுங்கிவிட்டது. அன்றிலிருந்து முயல்களுக்கு இன்ஷூரன்ஸ் போடலாமா வேண்டாமா என்பதே அவள் பேச்சு.

எல்லாத் தலைகளிடமும் யோசனை கேட்டாள். காதோரம் கத்திரி ஓடும்போது எவருக்கு எதிர்த்துப் பேசத் தைரியம் வரும்? போடலாம் என்று அவள் சாய்ந்த நாளில் கேட்டவர்கள் போடு என்றார்கள். "வருசா வருசம் ஏத்துவானுங்க, பல்லுக்கு மட்டும் கிடையாதும்பானுங்க" என்று அவள் பொருமிய நாளில் கேட்டவர்கள் வேண்டாம் என்றார்கள். இரண்டு பக்கமும் ஊர் ஒருமனதாக இருந்தது.

வாய் இத்தனை பேசினாலும் உள்ளே இருந்தது ஒரே பயம். அடுத்த தடவை கையில் பணம் இல்லாமல் போய் நின்றால், டாக்டர் குரலைத் தாழ்த்தி, "ஊசி போட்டு ஒரேயடியா தூங்க வெச்சிடலாமா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குத் தலையாட்ட நேர்ந்துவிடுமோ என்றுதான் அவள் நடுங்கினாள்.

கடைசியில் ஒரு கம்பெனி அகப்பட்டது. ஐந்து வயதைத் தாண்டிய முயலைப் புதிதாகச் சேர்க்க மாட்டார்களாம். வில்ஃபின் ஜோடி மேபெலுக்கு மூன்று. வில்ஃபுக்கு ஏழு.

"நாலுன்னு சொல்லேன். எண்பத்து நாலுன்னு நான் சொல்லிக்கிட்டுத் திரியலையா?" என்றாள் எனிட். "மூக்கு நரைச்சிருக்கேன்னு கேட்டா, உன்கிட்ட இல்லாத சாயமா?"

நாங்கள் சிரித்தோம், கிளெண்டாவும் சிரித்தாள். அந்த வாரமே சாய அட்டையை வில்ஃபின் முகத்தருகே பிடித்து அவள் நிறம் பார்த்துக்கொண்டிருந்ததையும் நான் கண்டேன்.

போன் செய்தது என் சமையலறையிலிருந்து. கையெல்லாம் சாயம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நாலு என்று சொல்வதாக முடிவு, எனக்கும் அது சம்மதமே. மறுமுனையில் ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள். முதலில் முயலைப் பற்றிக் கேட்கவில்லை. உரிமையாளரின் பிறந்த தேதியைக் கேட்டாள்.

கிளெண்டா என்னைப் பார்த்தாள். "காத மூடிக்க கண்ணு" என்றாள். மூடிக்கொண்டேன், ஆனாலும் கேட்டது. அதை இங்கே எழுத மாட்டேன்.

அடுத்து வில்ஃபின் வயது. அவன் கூண்டைவிட்டு வந்து அவள் செருப்பின் மேல் மோவாயை வைத்துப் படுத்திருந்தான். அவள் குனிந்து அவனைப் பார்த்தாள்.

"ஏழு" என்றாள்.

அந்தப் பெண் வருத்தம் சொன்னாள். மேபெலை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்றாள்.

"அவன் சாப்பிடலேன்னா அவளும் வாய் வைக்க மாட்டா கண்ணு. அதுல ஒருத்திக்கு மட்டும் எப்படிப் போடுறது? விடு" என்று கிளெண்டா போனை வைத்தாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவள்தான். ஏனடி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"என் வயசையே சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவனோடத மறைக்க வாய் வரல."

இந்த அமளியில் அவள் என் தலையை மறந்துபோனாள். சாயம் ஊறி, இரண்டு வாரம் காக்கை நிறத்தில் திரிந்தேன். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

பல வாரம் கழித்து அவள் வந்தபோது, கத்திரிப் பெட்டியில் ஒரு பிஸ்கட் டப்பா புதிதாக இருந்தது. மூடியில் காசு போடத் துளை வெட்டி, வில்ஃப், மேபெல் என்று எழுதியிருந்தாள். லீட்ஸ் சலூன் எப்படியிருக்கிறது என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். வில்ஃபுக்குப் புகட்டக் குனிந்தாள். அவள் வகிடு என் கண்ணுக்கு நேரே வந்தது. விரலகலத்துக்கு வெள்ளை.

நான் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. மறைக்கவில்லை. சீப்பின் காம்பால் தன் வகிட்டை ஒரு தட்டுத் தட்டினாள், பிஸ்கட் டப்பாவை ஒரு தட்டுத் தட்டினாள், பிறகு என் தலையை நேராகத் திருப்பி வைத்துக்கொண்டாள்.