வெறுங்கொக்கிக்கு ஒரு கோடு

காலையில் எங்கள் தெருவுக்கு வரும் தபால்காரர் என்னைக் கண்டதும் "டே ஓஃப்?" என்று கேட்பார். "யேஸ்" என்பேன். இப்படியே பத்து மாதமாக எனக்கு லீவு. திருகோணமலையில் என்றால் இரண்டாம் நாளே சந்தி முழுக்க விசாரித்து முடித்திருக்கும். லண்டனில் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆளாளுக்கு ஒரு விளக்கத்தை மனதுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டு மிஸிஸ் ஹார்ப்பரின் விளக்கம், நான் நோயாளி என்பது. ஒருநாள் கிண்ணத்தில் சூப் கொண்டுவந்தார். "ஐ ஆம் ஸ்டடியிங்" என்றேன். "ரெஸ்ட், டியர்" என்று கையில் தந்துவிட்டுப் போனார். உப்பில்லாத சூப். குடித்தேன்.

உண்மையில் நான் பண்டகசாலைக் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு, கொம்பியூட்டருக்கு நிரல் எழுதப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடத்தில் முடிக்காவிட்டால் பழைய வேலைக்கே திரும்புவதாக என் மனைவி தவமணியிடம் சொல்லியிருந்தேன். அவள் தையல் தொழிற்சாலைக்குப் போய் வீட்டைத் தாங்கினாள். நிரலைத் தாளில் எழுதி, துளையிட்ட அட்டைகளாக்கி, கல்லூரி யன்னலில் கொடுக்க வேண்டும். மறுநாள் நம் பிழை பாய் அகலக் கடதாசியில் அச்சாகி வரும். என் கடைசிப் பயிற்சி, பன்னிரண்டு பெட்டிகளின் விவரம் உள்ள பன்னிரண்டு அட்டைகளை வாசித்து எண்ணிச் சொல்வது. இயந்திரம் பதின்மூன்று என்றது. நிரலின் முற்றுப்புள்ளிகளைச் சரிபார்த்தேன், வரிகளை மாற்றினேன், முழுவதையும் திரும்ப எழுதினேன். மூன்று கிழமையாகப் பதின்மூன்றுதான். வரும் வெள்ளிக்குள் சரிவராவிட்டால் சான்றிதழ் இல்லை.

"இண்டைக்கும் பதின்மூண்டோ?" என்றாள் தவமணி, சப்பாத்தைக் கழற்றியபடி.

"ஓம்."

"அந்த மெசினுக்கு எண்ணத் தெரியேல்ல போல."

"மெசினில பிழையில்ல. எனக்குத்தான் ஏலாமக் கிடக்கு."

அவள் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊர்த் துறைமுகத்தில் கப்பல் சாமான் எண்ணும் கிளாக்கராகப் பத்து வருடம் இருந்தவன் நான். எண்ணியே சோறு தின்றவனுக்கு எண்ணத் தெரியவில்லை என்றால் அதைவிட வேறு அவமானம் வேண்டாம்.

புதன்கிழமை மிஸிஸ் ஹார்ப்பர் வீட்டுக்குக் கரி மூட்டைகள் வந்தன. நோயாளிக்கும் இவ்வளவு செய்யலாம் என்று நினைத்தாரோ, யன்னலில் இருந்தபடி மூட்டைகளை எண்ணச் சொன்னார். கைக்கு அகப்பட்ட பதின்மூன்றுக் கடதாசியின் பின்பக்கத்தில் பழைய வழக்கப்படி நாலு நேர்க்கோடு, ஐந்தாவது குறுக்கே என்று போட்டுக்கொண்டே வந்தேன். முடிவில் "நைன்" என்றேன். "எய்ட்" என்றான் கரிக்காரன். வெறும் சாக்குகளை நடைபாதையில் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினான். எட்டுத்தான். கடைசியாக அவன் மறந்துபோன கையுறையை எடுக்க வெறுங்கையோடு வந்திருக்கிறான். என் கை அதற்கும் ஒரு கோடு போட்டிருந்தது.

இதே பிழையை நான் முன்பும் விட்டிருக்கிறேன். துறைமுகத்தில் சேர்ந்த முதல் மாதம் மாவு மூட்டைகள் இறங்கின. கொக்கியில் தொங்கி மூட்டை நிறைந்த வலை வரும். நான் கோடு போடுவேன். கப்பலின் வயிறு காலியானதும், முடிந்தது என்பதற்கு அடையாளமாக வெறுங்கொக்கியைக் கீழே விடுவார்கள். அதற்கும் கோடு போட்டேன். பாரந்தூக்கும் வின்ச்சை ஓட்டிய கிண்ணியா ஊர் இப்றாகீம், என் வயதுக்காரன், மேலிருந்து சத்தம் போட்டான்.

"மச்சான், காத்தையும் கணக்கில ஏத்திப்போட்டியா? கொக்கியப் பாரு, பொறகு கோடு போடு."

இறங்குதுறையே சிரித்தது. ஒரு கிழமைக்கு என் பெயர் காத்துக் கிளாக்கர்.

கடதாசியைத் திருப்பினேன். என் நிரல் செய்ததும் அதேதான். அட்டை தீர்ந்துவிட்டதா என்று பார்க்காமலே ஒன்றைக் கூட்டியது. பன்னிரண்டு அட்டையும் தீர்ந்தபின் வந்த வெறுமையும் ஒன்றாக எண்ணப்பட்டது. முதலில் பார், பிறகு கூட்டு. இரண்டு வரிகளை இடம் மாற்றினேன். அவ்வளவுதான். வீட்டில் தனியே இருந்து சத்தமாகச் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை கடதாசி வந்தது. பன்னிரண்டு. எப்படிப் பிடித்தாய் என்று விரிவுரையாளர் கேட்டார். கொக்கிக் கதையைச் சொன்னேன். "ஓ, நீ மீனவனா?" என்றார். இருந்துவிட்டுப் போகட்டும் என்று தலையாட்டினேன். வீட்டில் தவமணிக்கும் அதே கதையைச் சொன்னேன். அவள் கடதாசியை வாங்கி இரண்டு தரம் பார்த்தாள்.

"காத்துக் கிளாக்கருக்கு இனி வேலை கிடைச்சிடும்," என்றாள். கண் கலங்கியிருந்தது.

கிடைத்தது. முதல் நாள் கழுத்துப்பட்டியோடு இறங்கியபோது தபால்காரர் வழக்கம்போல "டே ஓஃப்?" என்றார். "நோ" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் சட்டைப்பையில் கிண்ணியாவுக்கு ஒரு கடித உறை இருந்தது. நிரலும் விடையுமாக வெள்ளிக்கிழமை அச்சாகி வந்த கடதாசியை நடுவில் கிழித்திருந்தேன். நிரல் உள்ள பாதி இங்கே சுவரில். பன்னிரண்டு என்ற விடை உள்ள பாதி இப்றாகீமுக்கு. கிழித்த விளிம்புகள் திரும்பப் பொருந்துவதென்றால் நாங்கள் இருவரும் ஒரு மேசையில் இருக்க வேண்டும்.