கோபத்தில் சேராத பேச்சு

எங்கள் ஆட்களிடையே ‘கோபம்’ என்பது சத்தம் போடுவது அல்ல, சத்தமே போடாமல் இருப்பது. ‘அவையளோடை நாங்கள் கோவம்’ என்று ஒருவர் சொன்னால், இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சு அறுந்துவிட்டது என்று பொருள். கோயிலில் எதிர்ப்பட்டால் இரு பகுதியும் மூலஸ்தானத்தைப் பார்ப்பார்கள். கலியாண மண்டபத்தில் எதிர்ப்பட்டால் வீடியோ எடுப்பவரைப் பார்ப்பார்கள். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இப்படி ஒரு கோபம் வந்தது. சரியாகச் சொன்னால் அப்பாவுக்குத்தான் வந்தது. பெரியப்பா அதை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

பெரியப்பா அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். மொன்றியல் துறைமுகத்தை ஒட்டிய ஒரு பண்டகசாலையில் மேற்பார்வையாளராக இருந்தார். அப்பாவை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான். ஒரு வசந்தகாலத்தில் கொன்ரெயினர்கள் வருவது குறைந்தது. ஆட்களில் ஒருவரை நிறுத்தும்படி மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். பெரியப்பா அப்பாவை நிறுத்தினார். சொந்தத் தம்பியை வைத்துக்கொண்டு ஊரான் பிள்ளையை அனுப்பினால் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள் என்பது அவருடைய நியாயம்.

அந்த நியாயத்தை அப்பா ஏற்றுக்கொண்டிருப்பார் என்று அம்மா பிற்காலத்தில் என்னிடம் சொன்னார். அப்பாவைச் சுட்டது, அது சொல்லப்பட்ட விதம். சாப்பாட்டு நேரத்தில், வேலையாட்கள் எல்லாரும் பார்த்திருக்க, பக்கத்தில் முகாமையாளர் நிற்கிறார் என்பதற்காகப் பெரியப்பா அதைப் பிரெஞ்சு மொழியில் சொன்னார். முன்பின் அறியாத ஒருவரிடம் பேசுகிற மரியாதையோடு, இதுவரை செய்த வேலைக்கு நன்றி கூறி, கையும் குலுக்கினார். அப்பா கையைக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

இது ஒன்றும் எனக்கு அப்போது தெரியாது. அப்பா கொஞ்சக் காலம் பகலில் வீட்டில் இருந்தார். பிறகு ஒரு பேக்கரியில் வேலைக்குப் போனார். அதனால் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் பாண் ஆயிற்று. லொங்குய்யில் இருக்கிற பெரியப்பா வீட்டுக்குப் போவது நின்றுபோயிற்று. ஏன் என்று கேட்டதற்கு, பெரிய ஆட்களின் விஷயம் என்று அம்மா வாயை அடைத்துவிட்டார். அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் ஒரு நாள் தவறாமல் தொலைபேசியில் கதைத்தார்கள். ஆம்பிளைகளின் கோபத்துக்காகத் தங்கள் சமையல் கதையை நிறுத்த அவர்கள் தயாராக இருக்கவில்லை.

அந்தக் கோடையில் எங்கள் நகரத்து ஃபுட்பால் அணி படு மோசமாக ஆடிக்கொண்டிருந்தது. இது காலால் உதைக்கிற பந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்து எறிந்தும், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியும் ஆடுகிற ஆட்டம். எறிகிறவருக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். அவர் ஒருவர் சரியில்லை என்றால் மற்ற எல்லாரும் சேர்ந்தும் ஒன்றும் கிழிக்க முடியாது. எங்கள் அணியில் எறிகிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் முன்னொரு காலத்தில் கிண்ணங்களாக வென்று கொடுத்து, இப்போது முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நடக்கிறவர். மற்றவர் பல்கலைக்கழகத்திலிருந்து நேரே வந்த இளைஞர். எங்கள் வீட்டில் முன்னவருக்குக் கிழவன் என்றும் பின்னவருக்குப் பெடியன் என்றும் பெயர். கிழவனுக்கு அப்போது என்னுடைய இப்போதைய வயதுகூட இருந்திராது என்பதை இங்கே கொஞ்சம் வருத்தத்தோடு குறிப்பிட வேண்டும்.

அணி தோற்கத் தோற்க, யாரை இறக்குவது என்ற வழக்கு ஊர் முழுவதும் நடந்தது. தெரு முடக்கில் இருந்த, தெப்பனர் என்கிற சில்லறைக் கடையில் பால் வாங்கப் போனால், கடைக்காரர் மிச்சக் காசைக் கையில் வைத்துக்கொண்டு கிழவனுக்காக வாதாடுவார். என் கோடை வகுப்பில் இது பற்றி ஒரு சண்டையே நடந்து, இரண்டு பேர் மூலையில் நிறுத்தப்பட்டார்கள். அதில் ஒருத்தி நான். நான் பெடியன் கட்சி. அப்பா பெடியன் கட்சி என்பதால் நானும்.

அந்த நாட்களில்தான் ஒரு சனிக்கிழமை பின்னேரம் பெரியப்பா எங்கள் வீட்டு மணியை அடித்தார். லொங்குய்யிலிருந்து மஞ்சள் வழி மெட்ரோவில் ஆற்றுக்கு அடியால் வந்து, இன்னும் இரண்டு தரம் மாறி ஏறித்தான் எங்கள் பக்கம் வர வேண்டும். தன் வீட்டுத் தொலைக்காட்சியில் இந்த ஆட்டம் விழுவதில்லை, ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகலாமா என்று வாசலில் நின்றபடி அம்மாவிடம் கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தான் இருந்த நீண்ட செற்றியின் ஒரு முனைக்கு நகர்ந்தார். அதுதான் அனுமதி. ஆனால் பெரியப்பா வீட்டில் சுவர் அகலத்துக்கு ஒரு தொலைக்காட்சி இருந்ததையும், அதில் இதே சனலை நானும் அவருடைய பிள்ளைகளும் பார்த்ததையும் நான் மறந்திருக்கவில்லை. அதைச் சொல்ல வாய் திறந்தபோது, அம்மா என்னைக் குசினிக்கு அனுப்பித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பெரியப்பா தன் வீட்டு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறார் என்று நான் முடிவு செய்தேன்.

முதல் அரை மணித்தியாலம் இரண்டு பேரும் இரண்டு பொம்மைகள் மாதிரி இருந்தார்கள். பிறகு கிழவன் எறிந்த பந்து நேராக எதிராளியின் கையில் போய் விழுந்தது. அப்பாவால் பொறுக்க முடியவில்லை. தொலைக்காட்சியைப் பார்த்துச் சொன்னார்:

“இந்தக் கிழவனை இருத்திப்போட்டுப் பெடியனை இறக்கினால் என்ன?”

பெரியப்பா திரும்பாமல் அதே தொலைக்காட்சிக்குப் பதில் சொன்னார்:

“பெடியனுக்குக் கை இருக்கு. கண் இன்னும் திறக்கேல்லை.”

அவ்வளவுதான், வழக்குத் தொடங்கிவிட்டது. பிழை கிழவனுடையது அல்ல, அவருக்கு முன்னால் காவல் நிற்கிற அந்த ஐந்து தடியன்களுடையது, அவர்கள் மறிக்காவிட்டால் எறிகிறவரை எதிராளிகள் சப்பளித்துவிட மாட்டார்களா என்றார் பெரியப்பா. காவல் சரியில்லை என்றால் ஓடித் தப்புகிறவன்தானே வேண்டும், முழங்கால் போனவரை வைத்து என்ன செய்வது என்றார் அப்பா. பெடியனை இப்போதே இறக்கினால் பயந்து கெட்டுப்போவான் என்றார் பெரியப்பா. எப்படியும் தோற்கிறோம், அதைப் பெடியனை வைத்துத் தோற்றால் அவனாவது பழகிக்கொள்வான் என்றார் அப்பா. இவ்வளவையும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தொலைக்காட்சியிடம் சொன்னார்கள். அண்ணை என்றோ தம்பி என்றோ ஒரு சொல் வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் பெரியப்பா எழுந்து, அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார். பந்துப் பேச்சு கோபத்தில் சேர்த்தி இல்லை என்று யாரும் சொல்லாமலே ஒரு சட்டம் எங்கள் வீட்டில் அன்று உண்டாகிவிட்டது.

இந்த ஆட்டத்தை அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்கள். கனடாவுக்கு வந்த புதிதில் நிலவறை அறையொன்றில் ஒரே மெத்தையில் படுத்து, ஒரே குளிர்ச்சட்டையை மாறி மாறிப் போட்டிருக்கிறார்கள். அந்த அறையில் இருந்த பழைய தொலைக்காட்சியில் பிரெஞ்சுச் சனல்கள் மட்டும்தான் விழும். வர்ணனையாளர் கத்துவதைக் கேட்டுத்தான் ஆட்டத்தையும் பிரெஞ்சையும் சேர்த்துப் படித்தார்கள். முதல் வேலைக்கு நேர்முகத்துக்குப் போன இடத்தில், உனக்கு அனுபவம் இல்லையே என்று கேட்டவரிடம், ‘இன்னும் நேரம் இருக்கிறது, ஆட்டம் முடியவில்லை’ என்று வர்ணனையாளரின் குரலிலேயே சொல்லி அப்பா வேலை வாங்கியதாகப் பெரியம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

பெரியப்பா அதன் பிறகு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வந்தார். அப்பா செற்றியின் முனைக்கு நகர்வதும், இவர் மறு முனையில் அமர்வதும், வழக்கு தொடங்குவதும் வழமையாயிற்று. நான் நடுவில் இருந்துகொண்டு அப்பாவுக்கு எடுத்துக்கொடுப்பேன். பெடியனின் உயரம், எடை, பள்ளிக்கூடக் காலத்து எறிதல்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பெரியப்பா என் வாதங்களை மிகவும் கவனமாகக் கேட்டு, “பிள்ளை சொல்லுறதிலையும் ஒரு ஞாயம் இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கிழவன் பக்கமே நிற்பார். அவரோடு சண்டை பிடிக்க எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்த மூன்று நான்கு மாதங்களில் காத்திருந்ததுபோல அதற்குப் பிறகு நான் எதற்காகவும் அவ்வளவு ஆசையாகக் காத்திருந்ததில்லை.

இலைகள் கொட்டத் தொடங்கிய பிறகு ஒரு நாள் செய்தி வந்தது. கிழவனை அணி நீக்கிவிட்டது. இனிப் பெடியன்தான். நாங்கள் வென்றுவிட்டோம் என்று நான் வீட்டுக்குள் ஓடித் திரிந்தேன். அப்பா செய்தியை இரண்டு தரம் பார்த்துவிட்டு, சந்தோஷத்தின் சாயலே இல்லாமல் பேக்கரிச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

அடுத்த ஆட்டத்துக்குப் பெரியப்பா மழையில் நனைந்து வந்தார். அப்பா நகர்ந்தார், இவர் அமர்ந்தார். ஆட்டம் தொடங்கியது. பெடியன் எறிந்தான், சிலது பிடிபட்டது, சிலது நிலத்தில் விழுந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாதாட என்ன இருந்தது? கிழவன் இல்லை. பெடியனுக்குப் பதிலாக இறக்க வேறு ஆளும் இல்லை. நான் ஒன்றிரண்டு தரம் பெரியப்பாவைச் சீண்டிப் பார்த்தேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார். மழைச் சத்தமும் வர்ணனையாளரின் சத்தமும் மட்டும் வீட்டில் கேட்டன. அம்மா குசினி வாசலில் வந்து பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்தார்.

இடைவேளை முடிகிற நேரத்தில் பெரியப்பா எழுந்தார். தன் ஜக்கெற்றைத் தரும்படி அம்மாவிடம் கேட்டார். இன்னும் பாதி ஆட்டம் கிடக்கிறதே என்றார் அம்மா.

“காணும் பிள்ளை. சீசனும் முடியப்போகுது. இனி எனக்கு இஞ்சை வர ஒரு சாட்டுப்போக்கும் இல்லை” என்றார் பெரியப்பா.

அம்மா ஜக்கெற்றை எடுத்தார், ஆனால் உடனே கொடுக்கவில்லை. பெரியப்பா இந்தத் தரம் போனால் இனி வர மாட்டார் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவரை இருக்கச் சொல்ல அம்மாவால் முடியாது. அது அப்பா சொல்ல வேண்டிய சொல். அப்பாவோ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. பெரியப்பா ஒரு கையை ஜக்கெற்றுக்குள் விட்டார்.

“என்ன இருந்தாலும் கிழவனை அனுப்பியிருக்கக் கூடாது” என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோடை முழுவதும் கிழவனை இருத்து, கிழவனை இருத்து என்று ஒற்றைக் காலில் நின்ற மனிதர் இவர். இவருக்காக நான் வகுப்பில் மூலையில் நின்றிருக்கிறேன். அப்பா, நீங்கள்தானே சொன்னீர்கள் என்று தொடங்கினேன். அப்பா என் பக்கமே திரும்பாமல், கிழவன் நின்றிருந்தால் ஆட்டம் இப்படிப் போயிராது என்று இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார். வெட்கங்கெட்டதனமாகக் கட்சி மாறுகிறார் என்று எனக்கு அழாத குறை.

பெரியப்பா ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக அப்படியே நின்றார். கோடை முழுவதும் தான் சொன்னதைத்தான் அப்பா இப்போது சொல்கிறார், ஓம் என்று ஒரு சொல் சொன்னால் வழக்கில் அவருக்கு வெற்றி. அவர் அதைச் சொல்லவில்லை. தொலைக்காட்சியையும் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

“தம்பி” என்றார். “நான் வீட்டை வந்து சொல்லியிருக்க வேணும். ஆக்களுக்கு முன்னாலை இல்லை. உன்னட்டைத் தனிய, எங்கடை பாஷையிலை சொல்லியிருக்க வேணும்.”

எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. பந்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அப்பா திரையைப் பார்த்தபடி இருந்தார். அவராவது ஆட்டத்தைக் கவனிக்கிறாரே என்று எனக்கு ஓர் ஆறுதல். பிறகு அவரும் எழுந்துவிட்டார்.

“அண்ணை, இருங்கோ” என்றார்.

பெரியப்பா இருக்கவில்லை, அப்பாவும் இருக்கவில்லை. அறையின் நடுவில், எனக்கும் தொலைக்காட்சிக்கும் குறுக்கே, இரண்டு பேரும் நின்றார்கள். அப்பா அண்ணனின் ஜக்கெற் கையைப் பிடித்து இழுத்துக் கழற்ற முயன்றார், அது மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நான் செற்றியில் ஏறி நின்று எட்டிப் பார்த்தேன். பெடியன் பின்னால் பின்னால் ஓடி, இரண்டு பேரின் பிடியிலிருந்து நழுவி, மைதானத்தின் அந்தக் கோடிக்குப் பந்தை வீசினான். ஓடிக்கொண்டிருந்தவனின் கைக்குள் அது போய் இறங்கியது. எங்கள் நகரத்து மலையடிவார மைதானத்தில் மழைக்குள் இருந்த சனம் முழுவதும் எழும்பிக் கத்தியது. நானும் கத்தினேன். அப்பாவும் பெரியப்பாவும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியப்பாவின் தலை அப்பாவின் தோளில் கிடந்தது. இவ்வளவு நாளும் காத்திருந்த ஒன்று நடக்கிறபோது இந்த இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் நிற்கிறார்களே என்று எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது.