அடிப்பக்கமாக வந்த தாலி

போன வாரம் மருமகன் நிரூபன் போன் எடுத்தான். என் அக்காவின் ஒரே மகன். எடுத்த எடுப்பிலேயே, "மாமா, உங்கட பெட்டி திறந்திட்டுது," என்றான்.

நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேநீர் சிந்திவிட்டது. பெட்டி திறந்ததற்கு ஒரு சிரிப்பா என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்.

புரோசார்ட் நகரில் என் வீட்டு பேஸ்மென்டில் ஒரு ஸ்க்ரோல் சோ இருக்கிறது. தையல் மெஷின் ஊசி போல மேலும் கீழும் ஓடும் மெல்லிய வாள். வெள்ளை மேப்பிள் பலகைக்கு அடியில் கறுத்த வால்நட் பலகையை ஒட்டி, மெஷினின் மேடையைக் கொஞ்சம் சரித்து, இரண்டையும் ஒன்றாக அறுக்க வேண்டும். கறுப்புத் துண்டு வெள்ளைப் பலகையின் ஓட்டைக்குள் இறுகி உட்காரும். விரலால் தடவினாலும் பொருத்து தெரியாது.

நிரூபனின் கலியாணத்துக்குத் தாலிக்கொடி வைக்க ஒரு பெட்டி வேண்டும் என்று அக்கா கேட்டாள். பெப்ரவரியில் செய்தேன். மூடியில் நிறைகுடம். குடம் வால்நட், தேங்காய் செர்ரி மரம். மாவிலை நுனிகளுக்கு எத்தனை வாள் பிளேட் முறித்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அதைவிடப் பெருமை மூடியின் இறுக்கத்தில்தான். கையை எடுத்தால் உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு மெதுவாகத் தானே இறங்கும். வந்தவர் போனவர் எல்லோருக்கும் செய்து காட்டினேன்...

சித்திரையில் கொடி வந்தது. அக்கா பெட்டியில் வைத்து மூடி, சாமித்தட்டில் வைத்தாள். அதன்பிறகு ஒருவரும் திறக்கவில்லை. சாமித்தட்டில் இருப்பதை யார் கிளறுவார்கள்?

கலியாணம் ஜூலையில். மணப்பெண் ஆரணி கூறைச்சேலை மாற்ற உள்ளே போயிருந்தாள். அவள் வந்து உட்கார்ந்ததும் தாலி. நல்ல நேரம் முடிய அதிகம் இல்லை. ஐயர், "கொடியை எடுங்கோ," என்றார்.

மூடி வரவில்லை.

நான் இழுத்தேன். நிரூபன் இழுத்தான். மாப்பிள்ளைத் தோழன் நகத்தால் நெம்பினான். ம்ஹூம்... குளிர்காலத்தில் ஹீட்டர் சூட்டில் வற்றியிருந்த மரம், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அக்காவின் ஏசி இல்லாத அபார்ட்மென்டில் கோடை ஈரத்தைக் குடித்து ஊதிவிட்டது. மரம் அறுக்கிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். பெருமையில் மறந்துபோனேன்.

ஐயர் தேங்காய் உடைக்கும் கத்தியை நீட்டினார். வாங்கி மூடியின் விளிம்பில் வைத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நிறைகுடத்தை உடைக்கப் போறியோ? மணவறையில வைச்சோ?"

கண் கலங்கியிருந்தது. அத்தான் போன பிறகு தனியாக வளர்த்த பிள்ளை. அவன் கலியாணத்தில் நிறைகுடம் உடைந்தது என்ற கதை ஆயுசுக்கும் அவளை உறுத்தும். உடைக்காவிட்டால் நேரம் போய்விடும். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அந்தப் பக்கம் ஆரணி கூறையோடு வருகிறாள்...

நிறைகுடம் மூடியில்தானே இருக்கிறது?

பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில் வெறும் பிளைவுட். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் சிக்கனம் பிடித்த இடம். ஐயர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். மேளக்காரர் பக்கம் கையைக் காட்டிவிட்டு, "கொஞ்சம் பொறுங்கோ... ஓம், இப்ப உடையுங்கோ," என்றார்.

மேளச் சத்தத்தில் பலகை பிளந்தது ஒருவர் காதிலும் விழவில்லை. தாலி அடிப்பக்கமாக வெளியே வந்து, நேரத்துக்குள் ஆரணியின் கழுத்தில் ஏறியது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான்.

சாப்பாட்டுப் பந்தியில் ஆரணியிடம், "புதுசா ஒண்டு செய்து தாறன், பிள்ளை," என்றேன்.

"மெர்சி மாமா, வேண்டாம். எனக்கு இதுதான் வேணும்," என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிச் சிரித்தாள். அடியில்லாத பெட்டி அவர்கள் வீட்டு வரவேற்பறைக்குப் போனது.

இப்போது ஜனவரி. ஹீட்டர் ஓடுகிறது. மரம் வற்றிவிட்டது. மூடி சொன்னபடி திறக்கிறதாம், மூடுகிறதாம்.

இப்போதெல்லாம் மூடிகளுக்கு ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடம் விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்த நண்பர், புதுப் பெட்டி ஒன்றின் மூடியை ஆட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, கொஞ்சம் லூசாக் கிடக்கு?"

"ஓம். அது ஜூலைக்கு விட்ட இடம்."