அக்கரைக்கு ஒரு வலை

நாகூரிலிருந்து தஞ்சாவூர் வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த மீனவர், மடியில் நைலான் வலையைப் போட்டுப் பின்னிக்கொண்டே வந்தார். பஸ் குலுங்கினாலும் விரல்கள் நிற்கவில்லை. எல்லை தாண்டியதற்காக இலங்கைச் சிறையில் இருந்தவராம். நான் கல்லூரியில் சர்வதேசச் சட்டம் நடத்துகிறவன் என்றதும் நிமிர்ந்தார்.

"ரெண்டு கவர்மெண்டும் பேசி எங்களை விட்டுட்டாங்க, சார். ஆனா எங்க விசைப்படகு கிழிச்ச வலையை இலங்கை மீனவர் ஒருத்தர் அங்க கோர்ட்டுக்கே தூக்கிட்டு வந்தாரு. தமிழ்லதான் அழுதாரு."

"இது அவருக்கா?"

"ஆமாங்க. பேரு தெரியாது, முகம் தெரியும். நேர்ல கொண்டுபோனா மறுபடி பிடிப்பாங்க. இதுக்கு உங்க சட்டத்துல வழி இருக்கா?"

நான் கடல் ஒப்பந்தங்களை மனதில் புரட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் கீழ்வேளூர் வந்துவிட, அவர் வலையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். இப்போதெல்லாம் கரும்பலகையில் கடல் எல்லை வரையும்போது, அந்த வலை கோட்டுக்கு எந்தப் பக்கம் கிடக்கிறதோ என்று கை நின்றுவிடுகிறது.